பூட்டுப் படம்: நிறை நான்கு, குறை ஆறு

1 செப்டம்பர், திங்கள்
பெண்கள் விடுதி

பூனைக்கு,

இது நான் உனக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. எட்டாம் வகுப்புப் பாதியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நின்றுபோனாயே, அதைப் பற்றி இனிமேல் கேட்கமாட்டேன். சித்தி தியேட்டர் படிக்கட்டில் விழுந்ததும், அவர்கள் பார்த்த வேலையை இப்போது நீ பார்ப்பதும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொந்தச் சித்தி மகள், என்னைவிட நாலு மாதம் இளையவள். அக்கா என்று ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கிறாயா? கிடக்கட்டும். கோபத்தைக் கொஞ்சம் ஒத்திப்போட்டிருக்கிறேன், ஏனென்றால் உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

இங்கே ஒரு சுவர் இதழ் நடத்துகிறோம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒட்டுவோம். நான்தான் ஆசிரியர். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. விடுதியில் போன் கிடையாது, வெளியே விடமாட்டார்கள், டிவியில் செய்தி மட்டும்தான். ஆனால் முந்நூற்று நாற்பது பேரும் பூட்டுப் படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஒருத்தியும் பார்த்ததில்லை. நீயோ அந்தப் படம் ஓடுகிற இடத்திலேயே நாள் முழுக்க இருக்கிறாய்! எழுது. எங்கள் டீச்சர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: கதையை மட்டும் ஒப்பிக்கக்கூடாது, நிறை ஐந்து, குறை ஐந்து.

வாயால் சொல்ல வேண்டியதில்லை, கையால் எழுதினால் போதும். அதற்குமா வெட்கம்?

ரேடியோ


5 செப்டம்பர், வெள்ளி
வீடு

ரேடியோவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. இரண்டுக்கும் பதில் எழுதினேன். அனுப்பவில்லை.

படத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அதை முழுதாகப் பார்த்ததில்லை. தினம் நான்கு காட்சி. ஒவ்வொரு காட்சியும் முடிய பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது நான் துடைப்பத்தோடு உள்ளே போய், இடது கதவை மறைத்துத் தொங்கும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். படம் முடிந்ததும் கேட்காரர் வந்து அந்தக் கதவின் பூட்டைத் திறப்பார், கூட்டம் வெளியே போகும், உடனே நான் பெருக்க ஆரம்பிக்க வேண்டும். அதனால் கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தை இருபத்தொன்பது தடவை பார்த்துவிட்டேன். அதுவும் ஓரத்திலிருந்து, திரையில் பாதி சாய்ந்து தெரியும். இடைவேளைக்கு முன்னால் வருவதை மேலே ஆப்பரேட்டர் அண்ணனுக்கு டீ கொண்டுபோகும்போது சின்னக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அங்கே வசனம் கேட்காது. இடைவேளைக்குப் பிறகு ஒரு முக்கால் மணி நேரம் எனக்குத் தெரியவே தெரியாது, அப்போது கழிப்பறை கழுவிக்கொண்டிருப்பேன். ஆக, என் படத்தில் முன்பாதி ஊமை, நடுவில் ஓட்டை, கடைசியில் மட்டும் பேச்சு. இதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

கதாநாயகிக்குப் பதினைந்து வயது. பயந்த பெண். அவளுக்குப் பயம் வந்தால் பக்கத்தில் இருக்கும் பூட்டுகள் தாமாகத் திறந்துகொள்ளும். பள்ளியில் நான்கு பேர் அவளைத் துரத்தும்போது வராந்தாவில் இருக்கும் அலமாரிகளெல்லாம் படபடவென்று திறந்து, உள்ளே இருந்த பைகள் துரத்துகிறவர்கள் தலையில் விழும். அங்கே எப்போதும் கைதட்டுவார்கள் (ஆப்பரேட்டர் அண்ணன் சொன்னது). ஊரில் அவளுக்குச் சாவி என்று பெயர் வருகிறது. கடைசியில் வில்லன் பள்ளிப் பிள்ளைகளை ஒரு கட்டடத்தில் அடைத்துவிடுகிறான், அவள் கதவைத் திறக்கிறாள்.

முதல் நிறை, பயத்தைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள். எதைச் செய்வதற்கு முன்னாலும் அவள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். நானும் அப்படித்தான். அதை யாரோ பயந்தவர்தான் யோசித்திருக்க வேண்டும். இரண்டாவது, அவளுக்குத் தனி உடை கிடையாது. பள்ளிச் சீருடையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள், தையல் எல்லாம் வெளியே தெரியும். மூன்றாவது, அம்மா சாகவில்லை. இந்த மாதிரிப் படங்களில் அம்மாவை முதலிலேயே கொன்றுவிடுவார்கள். நான்காவது, பின்னணி இசை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. ஐந்தாவது நிறை கிடைக்கவில்லை. மீதியைக் குறையில் சேர்த்துக்கொள்.

குறைகள். வில்லன் சிரித்துக்கொண்டே இருக்கிறார், வேலை செய்ய அவருக்கு எப்போதுதான் நேரம்? தன் திட்டத்தை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். பதினைந்து வயது என்கிறார்கள், முகத்தைப் பார்த்தால் கல்யாணமான அக்கா மாதிரி இருக்கிறது. அவளுக்குத் தோழி ஒருத்தி வருகிறாள், பாதியில் எங்கே போனாள் என்றே தெரியவில்லை. கடைசிச் சண்டைக்கு முன் அவளைப் பெட்டிக்குள் அடைத்ததும் ஒரு நிமிடம் முழுக்க திரையில் ஒன்றும் இல்லை, கும்மிருட்டு, மூச்சு மட்டும் கேட்கும். எடுத்தவர்கள் திறமைசாலிகள்தான், ஆனால் சின்னப் பிள்ளைகள் வீறிட்டு அழுகிறார்கள். நான் அந்த நிமிடம் திரைச்சீலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். இருபத்தொன்பது தடவையும்.

ஆறாவதுதான் பெரிய குறை. பயந்தால்தான் பூட்டு திறக்கும் என்று அவர்களே சொன்னார்கள். கடைசிக் காட்சியில் அவள் பயப்படவே இல்லை. நிமிர்ந்து நிற்கிறாள், கையைக்கூடத் துடைக்கவில்லை. அப்புறம் பூட்டு எப்படித் திறந்தது? தாங்கள் போட்ட சட்டத்தைத் தாங்களே மறந்துவிட்டார்கள்.

என் பெயரைப் போடாதே.

பூனை


10 செப்டம்பர், புதன்
விடுதி

அடி பூனை,

உன் கட்டுரையை ஒட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சாப்பாட்டுக்குப் போன வரிசை நின்றுவிட்டது. வார்டன் கத்துகிறார், யாரும் நகரவில்லை. "கல்யாணமான அக்கா மாதிரி" என்ற வரியைப் படித்துவிட்டு வார்டனே சிரித்ததை நான் பார்த்தேன். இப்போது இங்கே யார் எதற்குப் பயந்தாலும் கையைப் பாவாடையில் துடைக்கிறார்கள். கணக்குப் பரீட்சையில் மொத்த வகுப்பும் துடைத்தது. ஆறாவது குறையை வைத்து இரண்டு கட்சியே உண்டாகிவிட்டது. ஒரு கட்சி, நீ பார்க்காத அந்த முக்கால் மணியில்தான் விடை இருக்கிறது என்கிறது. இன்னொரு கட்சி உன் பக்கம். நான் தலைவி.

எழுதியது யார் என்று டீச்சர் கேட்டார். "எட்டாவதோட நின்ன என் தங்கச்சி"ன்னு சொன்னேன். மன்னித்துக்கொள், பெயரைச் சொல்லவில்லை. அவர் அதைச் சுவரிலிருந்து பிரித்துத் தலைமை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்ப ஒட்டினார்.

இப்போது உட்கார்ந்து படி. தலைமை ஆசிரியை எங்கள் எல்லோரையும் அந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார்! இருபதாம் தேதி, சனிக்கிழமை, காலைக் காட்சி, எங்களுக்கு மட்டும். முந்நூற்று நாற்பது பேர், ஏழு பேருந்து. உன்னால்தான்டி! இரண்டரை வருஷம் கழித்து உன்னைப் பார்க்கப் போகிறேன். வாசலில் நில். ஓடிவந்து கட்டிப்பிடிப்பேன், எல்லோரும் பார்ப்பார்கள், நீ வெட்கத்தில் செத்துப்போவாய்.

ரேடியோ


12 செப்டம்பர், வெள்ளி
வீடு

ரேடியோவுக்கு,

வரவேண்டாம்.

நான் எழுதியது தவறு. மறுபடியும் யோசித்தேன். படம் நன்றாக இல்லை. நிறை என்று நான் சொன்னதெல்லாம் நிறை இல்லை. கையைத் துடைப்பது சும்மா ஒரு பழக்கம், அதில் என்ன இருக்கிறது? சீருடையைத் திருப்பிப் போடுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. இசை காதைக் கிழிக்கிறது. ஏழாவது குறை, படம் நீளம். எட்டாவது, நாற்காலிகள் உடைந்திருக்கின்றன. ஒன்பதாவது, உள்ளே புழுக்கமாக இருக்கும், மயக்கம் வரும். இதையும் சுவரில் ஒட்டு. தலைமை ஆசிரியையிடம் காட்டு. அவர்களே வேண்டாம் என்று சொல்லட்டும்.

வேறு ஏதாவது நல்ல படத்துக்குப் போங்கள். வேறு தியேட்டருக்கு.

பூனை


15 செப்டம்பர், திங்கள்
விடுதி

உனக்கு,

ஒட்டமாட்டேன். யாரிடமும் காட்டவும் மாட்டேன்.

ஒரே வாரத்தில் ஒரு படம் எப்படிக் கெட்டுப்போகும்? பாலா அது? நான் முட்டாள் இல்லை. துடைப்பத்தோடு நிற்பதை என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்று உனக்கு வெட்கம். அதை நேராகச் சொல்லியிருக்கலாம். என் பெரியம்மா மகள் படிக்கிறாள், நான் பெருக்குகிறேன் என்று நினைக்கிறாய். நான் ஒரு நாளாவது அப்படி நினைத்திருக்கிறேனா? பள்ளியை விட்டபோதும் இதைத்தான் செய்தாய். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாய். தட்டித் தட்டி என் கைதான் வலித்தது.

நாங்கள் சனிக்கிழமை வருகிறோம். உனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஒளிந்துகொள். அது உனக்கு நன்றாக வரும்.


17 செப்டம்பர், புதன்
வீடு

ரேடியோவுக்கு,

வெட்கம் இல்லை. பயம்.

பொய் எழுதினேன். படம் நல்ல படம். தியேட்டர்தான் நல்ல தியேட்டர் இல்லை. இதை எழுதினால் என் வேலை போய்விடும் என்று பயந்து படத்தின் மேல் பழியைப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, ஏழாம் தேதி, இரண்டாவது காட்சி. ஒரு நாற்காலி காலி இல்லை, பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகள். அந்த இருட்டு நிமிடம் வந்தது. நான் எப்போதும்போல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே பாப்கார்ன் இயந்திரத்தில் ஏதோ அடிப்பிடித்திருக்கிறது, கருகின வாசனை உள்ளே வந்தது. இருட்டில் ஒரு பெண் குரல், "என்னமோ தீயுதே"ன்னு சொல்லுச்சு. மெதுவாகத்தான் சொன்னது. அடுத்த குரல் அவ்வளவு மெதுவாக இல்லை. மூன்றாவது குரலுக்குப் பிறகு குரலே இல்லை, கால் சத்தம் மட்டும்தான்.

எல்லோரும் இடது கதவுக்கு வந்தார்கள். படம் முடிந்தால் அந்த வழியாகத்தானே போவார்கள். அந்தக் கதவில் உள்பக்கமாகக் கொண்டி போட்டுப் பூட்டுத் தொங்குகிறது. முன்பு சிலர் உள்ளே வந்ததும் அதைத் திறந்து கூட்டாளிகளை டிக்கெட் இல்லாமல் விட்டுவிடுவார்களாம், அதனால் மேனேஜர் போட்ட பூட்டு. சாவி கேட்காரர் சட்டைப்பையில் இருக்கும். கேட்காரர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது கதவுக்கு முன்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பின்வாசல் ஒன்றுதான் மிச்சம், அது இருட்டில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இருந்தேன். பூட்டு என் தோள்பட்டையில் அழுந்தியது. மூச்சு வாங்க முடியவில்லை. என் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு குழந்தை நின்றது. பூட்டியிருக்கு, பின்னால போங்கன்னு சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ரேடியோ, எனக்குக் குரலே வரவில்லை. ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது எப்படி நின்றேனோ அப்படியே நின்றேன்.

ஆப்பரேட்டர் அண்ணன் மேலிருந்து பார்த்துவிட்டுப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். தீ இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் தளர்ந்தது. சிலர் சிரித்தார்கள். ஒரு பையனுக்குக் கை முறிந்தது, இரண்டு பெண்களுக்கு மூக்கில் ரத்தம். அவ்வளவுதான். மேனேஜர் எல்லோருக்கும் இன்னொரு காட்சிக்கு இலவச டிக்கெட் கொடுத்தார். பெருக்கும்போது கதவடியில் இருபத்தேழு செருப்பு கிடந்தது. எல்லாவற்றையும் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரே ஒரு சின்னச் சிவப்புச் செருப்புக்கு மட்டும் யாரும் வரவில்லை, பக்கிள் வைத்தது, என் உள்ளங்கை அளவு. அது என் முழங்காலைக் கட்டிக்கொண்ட குழந்தையுடையதா என்று தெரியவில்லை. விளக்கு வந்தபோது குழந்தை அங்கே இல்லை. நல்லபடியாக வீட்டுக்குப் போயிருக்கும். போயிருக்கும்தானே?

அன்றைக்கு மேனேஜர் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். "ஒண்ணுமே நடக்கல, புரியுதா? யாராச்சும் வெளிய போய் வாயத் திறந்தீங்க, மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்." பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குச் சொல்ல வேண்டியதே இல்ல. உனக்குத்தான் வாயே கிடையாதே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

பூட்டு இன்றைக்கும் தொங்குகிறது. அதே கதவு, அதே இருட்டு நிமிடம். சனிக்கிழமை அதற்கு முன்னால் முந்நூற்று நாற்பது பேர் உட்காருவீர்கள். என் கட்டுரையைப் படித்துவிட்டு வருகிறீர்கள். ஆறு குறை எழுதினேன், சரியாக அந்தக் குறையை மட்டும் விட்டுவிட்டேன்.

அம்மாவால் இன்னும் எழுந்து நடக்க முடியவில்லை. இந்த வேலையை மேனேஜர் அம்மாவுக்காக இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கடிதத்தைத் தலைமை ஆசிரியையிடம் காட்டு. என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை. இல்லை, முடிந்தால் சொல்லாதே. தெரியவில்லை. நீயே பார்த்துக்கொள்.

இன்று மத்தியானம் அம்மாவின் போனில் உங்கள் பள்ளி எண்ணுக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன். "ஹலோ, யாருங்க?" என்றார்கள். இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். இதை இப்போதே ஓடிப்போய்ப் பெட்டியில் போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

பூனை


21 செப்டம்பர், ஞாயிறு
வீடு

ரேடியோவுக்கு,

ஏழு பேருந்தும் வந்து வரிசையாக நின்றபோதே தெரிந்துவிட்டது, என் கடிதம் உன் கைக்கு வரவில்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். கேட்காரர் காலையில் காற்றாடுவதற்காக இடது கதவைத் திறந்துவைப்பார், பூட்டு திறந்தபடி கொண்டியில் தொங்கும். நேற்று அவர் திரும்பின நேரத்தில் அதை எடுத்து என் மாப் பக்கெட்டில் போட்டுவிட்டேன். முதல்நாள் அழுக்குத் தண்ணீர், அதில் யாரும் கையை விடமாட்டார்கள். நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் பூட்டைத் தேடினார்கள். கேட்காரருக்கு நல்ல திட்டு விழுந்தது. "பூட்டத் தொலச்சவன் நாளைக்குக் கதவத் தொலைப்ப, நாளன்னைக்கு என்னையே தொலைப்ப!" அவர் பாவம், தன் சட்டைப்பையைத் தானே பத்துத் தடவை தடவிப்பார்த்தார். என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன்.

பூட்டு இல்லையென்றால் கதவை அப்படியே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அது என் தப்புக் கணக்கு. மேனேஜர் கட்டுக்கம்பி கொண்டுவந்து, கொண்டியில் விட்டு, தானே ஏழெட்டு முறுக்கு முறுக்கினார். பூட்டுக்காவது சாவி உண்டு. கம்பிக்கு அதுவும் இல்லை. நான் நல்லது செய்யப்போய் உங்களை இன்னும் பத்திரமாக அடைத்துவிட்டேன்.

மேலே போனேன். ஆப்பரேட்டர் அண்ணனிடம் என்ன கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. கையை மட்டும் நீட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு கருவிப் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக் கையில் வைத்தார். "நான் உன்னப் பாக்கவே இல்ல, பாப்பா. டீயும் குடிக்கல"ன்னார்.

படத்தின் பெயர் வரும்போது சத்தம் அதிகமாக இருக்கும். அந்தச் சத்தத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் கம்பியை வெட்டினேன். கை வேர்த்துப் பிளேயர் வழுக்கியது. பாவாடையில் துடைத்துத் துடைத்து வெட்டினேன். கம்பி விட்டதும் இன்னொரு தொல்லை. அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் கதவு. கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் உள்ளே விழும், மேனேஜர் வந்துவிடுவார். அதனால் கொண்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி பத்து நிமிடம். பிடி தளரும்போதெல்லாம் கதவு லேசாக அடித்துக்கொண்டது. யாராவது கேட்டிருப்பார்களோ என்று ஒவ்வொரு முறையும் உயிர் போய் வந்தது.

திரைச்சீலையின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருக்கிறது. அதன் வழியாக உன்னைப் பார்த்தேன். கதவிலிருந்து மூன்றாவது வரிசை. ஜடை நீளமாகிவிட்டது. பேச்சு அப்படியேதான் இருக்கிறது, பக்கத்தில் இருந்தவளைப் படம் பார்க்கவே விடவில்லை. இடைவேளையில் வாசல் பக்கம் போய்த் தேடிவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பி வந்தாய். நான் ஆறடி தூரத்தில் இருந்தேன். கையை விட முடியவில்லை.

நான் இதுவரை பார்க்காத அந்த முக்கால் மணி நேரம் ஓடியது. நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போதும் தெரியாது. நான் திரையைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து ஒரு இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

பிறகு அந்த இருட்டு நிமிடம். முந்நூற்று நாற்பது பேரும் ஒன்றாக அலறினீர்கள். விளையாட்டுக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரியவில்லை. கொண்டியை விட்டுவிட்டேன், கதவு அரை அடி திறந்துவிட்டது. அதற்குள் அலறல் சிரிப்பாகிவிட்டது. மறுபடி இழுத்துப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை, ரேடியோ. தீயும் இல்லை, புகையும் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை. படம் முடிந்தது, நான் கதவைத் திறந்தேன்.

நீங்கள் வரிசையாக என்னைத் தாண்டிப் போனீர்கள். தூசிக்காக முகத்தில் துணி கட்டியிருந்தேன். நீ வந்தாய். என் கை எட்டும் தூரம். கதவைப் பிடித்திருந்த என்னைப் பார்த்து "தேங்க்ஸ்க்கா"ன்னு சொல்லிவிட்டுப் போனாய். பேசியிருக்கலாம். துணியை இறக்கியிருக்கலாம். உன் டீச்சர் "நிக்காத, நட நட"ன்னு சொல்லிக்கொண்டிருந்தார். நீ பேருந்தில் ஏறிவிட்டாய்.

அதற்குப் பிறகு மேனேஜர் வெட்டின கம்பியைப் பார்த்தார். "யாரு வேலை இது?" கேட்காரர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு மூன்று பிள்ளைகள். "நான்தான் சார்." யார் பேசியது என்று மேனேஜர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குப் பேச வருமா?"

பக்கெட்டில் கையை விட்டுப் பூட்டை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் மேஜையில் வைத்தேன். "ஆளுங்க உள்ள இருக்கும்போது இதப் போடாதீங்க சார்." இன்னும் நிறைய யோசித்து வைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாளைலேந்து வராத. உங்கம்மா முகத்துக்காகத்தான் வச்சிருந்தேன்"ன்னு மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். "அந்தப் பால்கனிப் படியில கைப்பிடி ஆடுதுன்னு எனக்கு ஒரு மாசமாவே தெரியும்டி. சொன்னா ஏதாச்சும் நெனைப்பாங்கன்னு சொல்லல. அப்புறம் நானே அதப் பிடிச்சேன்"ன்னாங்க. பிறகு சாப்பிட்டோம்.

அடுத்த வாரத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. நான் போனபிறகு வேறு பூட்டு வாங்கி மாட்டியிருப்பார்கள். இன்று ஞாயிறு, நான்கு காட்சி. அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. அந்தச் சிவப்புச் செருப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யாராவது கேட்டால் கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பதினாறு வருஷம் உன்னை அக்கா என்று கூப்பிடச் சொல்லி என் உயிரை எடுத்தாய். நேற்று முந்நூற்று நாற்பது பேருக்கு நடுவில் நீதான் என்னை அக்கா என்று கூப்பிட்டாய். இனி மாற்ற முடியாது.

பூனை


24 செப்டம்பர், புதன்
விடுதி

அன்புள்ள அக்காவுக்கு,

பதினேழாம் தேதிக் கடிதமும் இருபத்தொன்றாம் தேதிக் கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. எனக்குப் பொறுமை இல்லாததால் தேதியைப் பார்க்காமல் கைக்கு வந்ததை முதலில் பிரித்தேன். அது பழையது. நாங்கள் பத்திரமாகப் போய் வந்து மூன்று நாள் கழித்து, சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வராதே வராதே என்று படித்தேன். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்கத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் வாங்கி வைத்தாள். அடுத்ததையும் படித்தேன். நான் அரை மணி நேரம் பேசவில்லை என்று வார்டன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

அன்றைக்கு இருட்டில் முதலில் அலறியது நான்தான். விளையாட்டுக்கு.

இரண்டு கடிதத்தையும் டீச்சரிடம் கொடுத்தேன், டீச்சர் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தார். அவர் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். வெளியே வந்து, தீயணைப்பு நிலையத்துக்குத் தானே போன் செய்தார். எழுத்திலும் அனுப்பியிருக்கிறார். "அங்கு வேலை பார்த்த ஒருவர்" என்றுதான் எழுதினார், பெயர் இல்லை. பெயரைப் போடாதே என்று நீ முதல் கடிதத்தில் கடைசியாக எழுதியதை அவரிடம் சொல்லியிருந்தேன். இன்று காலை அங்கிருந்து ஆள் போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் கதவில் தாழ்ப்பாளே இல்லாமல் செய்யும்வரை காட்சி கிடையாது என்று நிறுத்திவிட்டார்களாம். வலது கதவு நாற்காலிகளையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். உன் வேலைக்கு என்ன வழி என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்டேன். "யோசிக்கலாம்"ன்னு சொன்னார்கள். பெரியவர்கள் யோசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நாளைக்கும் கேட்பேன். நாளை மறுநாளும் கேட்பேன். என் பெயர் ரேடியோ.

இப்போது நீ பார்க்காத முக்கால் மணி. நடுவில் கொஞ்ச நாள் எல்லோரும் அவளிடம் அன்பாக இருக்கிறார்கள், அவளுக்குப் பயமே வருவதில்லை, அதனால் ஒரு பூட்டும் திறப்பதில்லை. தன் வீட்டுக் கழிப்பறையிலேயே மாட்டிக்கொள்கிறாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தது அங்கேதான். பிறகு உட்கார்ந்து, தலையில் குத்தும் ஊசியை வளைத்துப் பூட்டுத் திறக்கப் பழகுகிறாள். நூறு தடவை தோற்கிறாள். கடைசிக் காட்சியில் அவள் நிமிர்ந்து நிற்கும்போது வலது கையில் அந்த ஊசிதான் இருக்கிறது. நீ நிற்கும் ஓரத்திலிருந்து அந்தக் கை தெரியாது போல. சக்தியால் இல்லை, ஊசியால்தான் திறந்தாள். அவர்கள் சட்டத்தை மறக்கவில்லை. நீ எழுதியது குறை இல்லை, அக்கா. என் கட்சி தோற்றது. சுவரில் ஆறை அடித்து ஐந்து என்று திருத்திவிட்டேன்.

இன்னொன்று. நேற்றிலிருந்து நான் எங்கே போனாலும் கதவை எண்ணுகிறேன். வகுப்பறையில் இரண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று. முந்நூற்று நாற்பது பேரும் ஒரே நேரத்தில் உட்காரும் இடம் அது. மூன்றில் இரண்டில் பூட்டுத் தொங்குகிறது. இரண்டரை வருஷமாக அந்தப் பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

சாவி வார்டனிடம் இருக்கிறது. அவர் எப்படிக் கத்துவார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். என்னவெல்லாமோ பேசுவேன், இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு நேராக அவர் அறைக்குத்தான் போகிறேன். எழுத்து இவ்வளவு கலைந்திருப்பதற்கு மன்னித்துக்கொள். பேனா வழுக்குகிறது. மூன்று தடவை பாவாடையில் துடைத்துவிட்டேன்.

உன் தங்கை